சிலிண்டரின் கடைசிக் கடைசல்

செத்துப்போன பிஸ்டன்களைப் பதுர்தீன் பழைய இரும்புக்காரனுக்குப் போடமாட்டார். பள்ளிவாசல்துறைக் கரையில், படகுகளைக் கரையேற்றுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கிடுகு வேய்ந்த அவருடைய பட்டறை இருக்கிறது. அதன் பின்சுவரில் அந்தப் பிஸ்டன்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். எது எப்படிப் போனது என்று கேட்டால் சொல்வார். இது எண்ணெய் கலக்க மறந்ததால் போனது. சுற்றிவர வரி வரியாக இழுபட்டிருக்கிறது. இது தண்ணீர் ஏறாமல் சூடேறிப் போனது. புகை போகிற பக்கம் உருகி வழிந்திருக்கிறது. இது ரிங் உடைந்து மண்டையைக் கொத்தியது.

மனைவி ஸக்கியாவுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது.

“மத்தவங்கட சுவர்ல கலண்டர் தொங்குது. ஒங்கட சுவர்ல மையத்துத் தொங்குது.”

“மையத்துக் கதைக்காது ஸக்கியா. இது கதைக்கும்.”

“கதைச்சா கேட்டுப் பாருங்க, எப்ப எங்கட வீட்டுக் கூரைக்கு ஓடு போடுற எண்டு.”

பதுர்தீன் எந்தப் பட்டறையிலும் வேலை பழகியவர் அல்ல. பதினெட்டு வயதில் மற்றவர்களைப் போல அவரும் கடலுக்குத்தான் போனார். போன நாளெல்லாம் வாந்தி. கரை மறைய முன்னரே குடல் வாய்க்கு வந்துவிடும். ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனது. மற்றவர்கள் துடுப்பை எடுத்தார்கள். இவருக்குத் துடுப்புப் போடவும் தென்பில்லை. சும்மா கிடந்து சாவதற்கு இதையாவது பார்ப்போம் என்று எஞ்சினின் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். எஞ்சின் கிளம்பியதோ இல்லையோ, வாந்தி நின்றது. அதற்குப் பிறகு அவரைக் கடலுக்குக் கூப்பிட்டவர்கள் மீன் பிடிக்கக் கூப்பிடவில்லை. கொஞ்சக் காலத்தில் அவரும் கரையிலேயே தங்கிவிட்டார். எஞ்சின்கள் அவரிடம் வர ஆரம்பித்தன.

வந்ததெல்லாம் படகு எஞ்சின்தான். வால்வு இல்லாத, எரிபொருளோடு எண்ணெயையும் கலந்தே குடிக்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஆகவே நுஸ்கியின் மோட்டார் சைக்கிள் அவரிடம் வந்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதுவும் டூ ஸ்ட்ரோக். மணலிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த, உயரமான, பல்லுப் பல்லான டயர் போட்ட பழைய ஜப்பான் வண்டி. புத்தளம் கராஜ்களில் அந்த எஞ்சினைத் தொட ஆள் இல்லை.

நுஸ்கியின் வாப்பா ஹயாத்து முகம்மதுவுக்குக் கரையோரம் தூரத்தில், ஆட்கள் தங்கி வலை இழுக்கிற ஒரு வாடி இருந்தது. அங்கே பிடிபடுகிற மீனை, லொறி வந்து நிற்கிற தார் ரோட்டுக்குக் கொண்டுவர நடுவில் மணல்தான். திரீவீல் புதையும். நுஸ்கி மட்டும் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, மணலைக் கிழித்துக்கொண்டு வருவான். மீன் பழுதாக முன் லொறிக்குள் போய்விடும். அந்த ஓட்டம் அவனுடைய பிழைப்பு. அவனுடைய பெருமையும் அதுதான்.

முதல் தடவை வண்டி இழுவை குறைந்து, கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்குகிறது என்று கொண்டுவந்தபோது பதுர்தீன் சந்தோஷப்பட்டார். சாமானைச் சின்னதாகச் செய்திருக்கிறான் ஜப்பான்காரன் என்று ரசித்து ரசித்துக் கழற்றினார். ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரை உருவி, தேய்ந்த பிஸ்டனை எடுத்தார். சிலிண்டரைப் புத்தளத்தில் லேத்துக்கு அனுப்பி ஒரு அளவு பெரிதாகக் கடைந்து, அந்த அளவுக்குப் புதுப் பிஸ்டன் போட்டுப் பூட்டினார். எஞ்சின் குயில் மாதிரிப் பேசியது. இரண்டு மாதம் ஆகவில்லை, நுஸ்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதே நோய். மறுபடியும் கடைந்து, மறுபடியும் போட்டார். மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பின்னால் வாப்பாவும் வந்தார்.

“பதுர்தீன், நான் ஒன்ன ஒண்டும் சொல்லல்ல,” என்று தொடங்கினார் ஹயாத்து முகம்மது. அப்படித் தொடங்கினால் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். “லேத்துக்காரன் கோணலாக் கடைஞ்சிரிக்கான் போல.”

“இல்ல நானா,” என்றார் பதுர்தீன், மூத்தவரை அண்ணன் முறை வைத்து. “அளந்துதான் போட்ட.”

“அப்ப பிஸ்டன் டூப்ளிகேட்.”

“ரெண்டும் ரெண்டு கடையில எடுத்த. ரெண்டும் டூப்ளிகேட்டா?”

“அப்ப என்னதான்டாப்பா?”

பதுர்தீன் சிலிண்டரின் சுவரை விரலால் தடவினார். இரும்பு மெலிந்திருந்தது. “இன்னும் ஒரு தரந்தான் இதக் கடையலாம். அதுக்குப் பொறகு கடைய இரும்பில்ல. புதுச் சிலிண்டர் எங்கயும் வாறதுமில்ல.”

நுஸ்கியின் முகம் சுருங்கியது. வாப்பா அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி சொன்னார். “அதுவும் போச்செண்டா மீன் ஏத்த நான் டிரக்டர்க்காரனோட கதைச்சிருவன். நீ வாடியில வந்து வலை இழு.”

அவர்கள் போன பிறகும் பதுர்தீன் அந்தப் பிஸ்டனைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் தொங்கியவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இது எதைப் போலவும் இல்லை. உருகல் இல்லை, இழுவை இல்லை, வெடிப்பு இல்லை. மண்டை நல்ல காப்பி நிறத்தில் இருந்தது. எண்ணெய்க் கலவை சரி என்று அர்த்தம். ஆனால் காபரேட்டர் பக்கம், புதுப் பிஸ்டனில் கடைசல் இயந்திரம் விட்டுப் போகிற மெல்லிய வளைய வரிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பக்கம் மட்டும் மழித்த கன்னம் மாதிரி மங்கலாக, சாம்பல் நிறமாக இருந்தது. ரிங்குகள் நகம்போல மெலிந்திருந்தன. எதுவும் அடித்துக் கொல்லவில்லை. எதுவோ உட்கார்ந்து, பொறுமையாக, அரைத்திருக்கிறது.

அவருக்குக் கவலை ஒரு பக்கம். மறுபக்கம், சொல்லக் கூச்சமாக, ஒரு குதூகலம். இப்படியொரு சாவை அவர் கண்டதில்லை.

எஞ்சினின் அடிவயிற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினார். கறுப்பாக ஒரு பசை ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார். நிச்சயமாகத் தெரியவில்லை, விரல் தோல் காய்த்துப்போனது. பசையை முன்பல்லில் வைத்து மெல்லக் கடித்தார்.

“அல்லாஹ்!” தேத்தண்ணியோடு வந்த ஸக்கியா வாசலிலேயே நின்றாள். “பைத்தியமா ஒங்களுக்கு? என்னத்தத் திங்கிறீங்க?”

“பொறு. நறநறங்குது.”

“என்ன?”

“நீ கருவாடு வாங்கக்குள்ள ஓரத்தக் கடிச்சிப் பாப்பாயே, பாயில காயவெச்சதா மணல்ல காயவெச்சதா எண்டு? அதே நறநறப்பு.”

ஸக்கியா கோப்பையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள். அவளுக்கும் விஷயம் பிடித்துப்போயிற்று. “எஞ்சினுக்குள்ள மணலா? எந்த வழியால?”

அதுதான் கேள்வி. டேங்கிலிருந்த பெற்றோலைப் பழைய சாரத் துணியில் வடித்தார். துணியில் ஒன்றும் தங்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார்; சுத்தம். கேஸ்கட்டுகளைச் சுற்றி ஒழுக்கு இல்லை. குடிக்கிற இரண்டும் சுத்தம் என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். காற்று.

பதுர்தீன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஓர் எஞ்சின் என்ன குடிக்கிறது என்று அவர் யோசிக்காத நாளில்லை. எதைச் சுவாசிக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடல் எஞ்சின் நேராகவே காற்றை இழுக்கும். நடுக்கடலில் ஏது தூசி? காற்று வாய்க்கு முன்னால் ஒரு மூடி இருக்கும். அதுகூடச் சத்தம் குறைக்கத்தான். ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் காற்று வடிக்க ஏதோ இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மேசையில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கண்டதும் புத்தி தானாகவே கடலுக்குப் போய்விட்டது.

சீட்டுக்குக் கீழே, காபரேட்டரோடு இறப்பர்க் குழாயால் சேர்ந்திருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெறும் கம்பிக் கூடு ஒன்று. முன்பு இரண்டு தடவையும் இந்தப் பெட்டியைத் திறந்து, சத்தப் பெட்டி என்று நினைத்து, நன்றாகத் துடைத்து மூடியது அவருடைய கைதான்.

நுஸ்கியை வரச்சொன்னார்.

“இந்தக் கூட்டுல என்ன இருந்த?”

“அதா? ஒரு பஞ்சு. எண்ணெய் பிடிச்ச ஊத்தப் பஞ்சு. வண்டி வாங்கின கிழமையே கழட்டி எறிஞ்சிட்டன்.”

“ஏன்டா எறிஞ்ச?”

“மூச்சடைக்கும் எண்டுதான். வாப்பாட போட் எஞ்சின்ல பஞ்சா இரிக்கி?”

ஏசுவதற்குத் திறந்த வாயைப் பதுர்தீன் மூடிக்கொண்டார். அவனுடைய இடத்தில் அவர் இருந்திருந்தாலும் எறிந்திருப்பார்.

“இல்ல,” என்றார். “போட்ல பஞ்சில்ல.”

உடனே கடைய அனுப்பவில்லை. கடைசி இரும்பை வைத்து விளையாட முடியாது. தேய்ந்த பிஸ்டனையே திரும்பப் போட்டுப் பூட்டினார். இழுவை இல்லாவிட்டாலும் ஓடும், அதில் இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் பழைய ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்று கிடந்தது. அதன் பஞ்சை வெட்டி, கம்பிக் கூட்டுக்குத் தொப்பி மாதிரி ஸக்கியா தைத்தாள். பஞ்சுக்குப் பின்னால் வெள்ளைத் தலையணை உறையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினார் பதுர்தீன்.

“வாடி வரைக்கும் போய்ட்டு வா. கச்சான் நல்லா அடிக்குது, நல்லது. மணல்லயே ஓடு.”

நுஸ்கி போனான். ஊர்மாடு மேடேறுகிற மாதிரி முனகிக்கொண்டு போன வண்டி, முனகிக்கொண்டே திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. வெள்ளைத் துணி மெல்லிய தவிட்டு நிறமாகி இருந்தது.

“பஞ்சையும் தாண்டிப் போகுது,” என்றான் நுஸ்கி. அவன் குரல் இறங்கிவிட்டது.

பதுர்தீன் துணியை முகர்ந்தார், தடவினார், மடித்தார். ஸக்கியாதான் கேட்டாள். “எண்ணெய் பிடிச்ச பஞ்செண்டல்லவா இவன் சொன்ன? எண்ணெய் ஊத்தையா வந்ததா, ஆரும் வேணுமெண்டே தேய்ச்சதா?”

பதுர்தீன் அவளைப் பார்த்தார்.

“என்ன பாக்கிறீங்க? எண்ணெய் வெச்ச தலையோட இந்தக் கச்சானுக்க சந்தைக்குப் போய் வாங்க. மணல் எங்க நிக்குதெண்டு தெரியும்.”

பஞ்சை எஞ்சின் எண்ணெயில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, திரும்பவும் மாட்டினார்கள். புதுத் துணித்துண்டு கட்டினார்கள். நுஸ்கி இந்தத் தடவை வீம்புக்கென்றே மணல்மேட்டில் ஏறி இறங்கி, கண் இமையெல்லாம் மணலோடு வந்தான். பஞ்சின் வெளிப்பக்கம் தூள் போட்ட வடை மாதிரி இருந்தது. துணி, கட்டியது போலவே வெள்ளை.

“ஸக்கியா தாத்தா, நீங்கதான் மெக்கானிக்!” என்று கத்தினான் நுஸ்கி. அக்காவை அந்த ஊரில் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அப்ப இவருக்குச் சமைக்கச் சொல்லு,” என்றாள் அவள்.

ஹயாத்து முகம்மது அடுத்த நாள் வந்தபோது பதுர்தீன் மறைக்கவில்லை. “லேத்துக்காரன் பாவம் நானா. பஞ்ச எறிஞ்சது ஒங்கட மகன். வெறும் பெட்டியத் தொடச்சித் தொடச்சி மூடினது நான்.”

ஹயாத்து முகம்மது தாடியைத் தடவினார். “அப்ப என்ட போட் எஞ்சினுக்கும் ஒரு பஞ்சு போட்டா என்ன?”

“அதுக்கு வாணாம் நானா.”

“ஏன், அதுக்கு நெஞ்சில்லையா?” என்று சிரித்தார். போகும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “இந்த முறை பாப்பன். இந்த முறை மட்டுந்தான்.”

சிலிண்டர் புத்தளத்துக்குப் போய்க் கடைசித் தடவையாகக் கடைபட்டு வந்தது. பதுர்தீன் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத மட்டும் விடவில்லை. அடிவயிற்றைப் பெற்றோலால் அலசி அலசி ஊற்றினார். பிஸ்டனின் அம்புக்குறியைப் புகைக் குழாய்ப் பக்கம் வைத்து, பின்னைச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று நகத்தால் சுற்றிப் பார்த்தார். ரிங்குகளை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை இறக்கினார். ஹெட் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். நுஸ்கி உதைத்தான். நீல நூலாகப் புகை வந்தது.

வண்டி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மெத்தைப் பஞ்சைப் பெற்றோல் ஆவி தின்னும் என்பதால் நுஸ்கி அடிக்கடி வந்து புதுத் தொப்பி தைத்து வாங்கிப் போனான். பழைய இரண்டு பிஸ்டன்களும் செத்த காலக்கெடு தாண்டிவிட்டது. கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கிவிட்டது. மீன் நேரத்துக்கு ரோட்டுக்கு வந்தது. டிரக்டர்க் கதை ஹயாத்து முகம்மதுவின் வாயில் வரவில்லை.

பதுர்தீனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் பஞ்சுக்கு வந்த நுஸ்கியை மறித்தார்.

“வண்டிய நிப்பாட்டு. காபரேட்டரக் கழட்டிப் பாக்கணும்.”

“நல்லா ஓடுது நானா!”

“அதனாலதான்.”

“ஓடுறத ஏன் கழட்டுற? லொறி போயிரும்.”

“ரெண்டு நட்டுத்தான்டா.”

நுஸ்கி பெட்டிகளில் ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். பதுர்தீன் காபரேட்டரை ஒரு பக்கம் ஒதுக்கி, காற்று போகிற வாய்க்குள் டோர்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல இறக்கினார். இருட்டுக்குள் பிஸ்டன் நிலா மாதிரி எழும்பி வந்து நின்றது. அதன் கன்னத்தில் அந்த மெல்லிய வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, இன்னும் இருந்தன. எண்ணெய் பட்டு மினுங்கின. அவர் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன நானா, என்ன இரிக்கி?”

“ஒண்டுமில்ல.”

“ஒண்டுமில்லாததப் பாக்கவா இவ்வளவு நேரம்?”

“வந்து பாரு,” என்று டோர்ச்சை நீட்டினார். நுஸ்கியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். லொறிக்காரன் ரோட்டிலிருந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான். இரண்டு பேரும் நிமிரவில்லை.