கல்லுக்குச் சுற்றிய காஸ் துணி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. காயத்துக்குக் கட்டும் காஸ் துணி தயாரிக்கும் யூனிட்டில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சித்தி மகள் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அன்று ஆலங்குளம் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்தவள், அலுமினியத் தாளில் சுற்றிய மூன்று கற்களை என்னிடம் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழம லேபுக்குப் போக இங்க ரயிலேறுறப்ப வாங்கிக்கிடுதேன். கை படாம சுத்தமா வச்சிரு அக்கா" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் பார்த்தால் தாள் கிழிந்து, தூசி கொட்டிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு, கற்களைத் துடைத்து, கிருமி நீக்கிய காஸ் துணியில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு பையில் வைத்தேன். பாராட்டுவாள் என்று வேறு காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பையைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல கிருமியே கிடையாதுடி" என்றேன்.

"கிருமி இல்லக்கா. ஆனா பருத்தி உசிரோட இருந்த செடிதான?"

பிறகு, பாறையில் ஆதி உயிர்களின் தடம் தேடும் தன் வேலையைப் பற்றி நிதானமாகச் சொன்னாள். ஆதி உயிர்களுக்கு எலும்பு கிடையாது. பாறைக்குள் கொஞ்சம் கரி மட்டும் மிச்சம் இருக்கும். கரியில் கனமானது, லேசானது என்று உண்டாம்; உயிருள்ளவை லேசான கரியைத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதை மெஷினில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வார்களாம். இந்தக் கல் அவ்வளவு பழையது இல்லை. ஆனாலும் அந்த வேலையை இதில்தான் அவள் பழகுகிறாள். பஞ்சிலும் அதே லேசான கரிதான். ஒரு நூலிழை ஒட்டியிருந்தாலும் மெஷின் ஏமாந்துவிடும். வேறு கல் எடுக்கலாம் என்றால், குவாரியில் அந்த இடத்தை, அவள் கல் எடுத்த அன்றைக்கே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அவளுடைய ஒன்றரை வருட உழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளோ என் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஏக்கா, இதே ரோல்ல இருந்து ஒரு முழம் வெட்டிக் குடு" என்றாள். "மேல்பக்கத்த அறுத்து எறிஞ்சிட்டு உள்ள இருக்கிறதத்தான் பாப்போம். ஒன் துணியையும் தனியா பாத்தா, எது துணி எது கல்லுன்னு பிரிச்சிரலாம்."

மூன்று மாதம் கழித்துப் போன் வந்தது. இரண்டு கற்கள் வீண். மூன்றாவதின் நடுவில் இருந்தது கல்லின் சொந்தக் கரிதான். அந்தக் கரி பழைய உயிர் ஏதாவதிலிருந்து வந்ததா என்று சொல்ல இன்னும் வேலை இருக்கிறதாம். கூடவே, மெஷினில் வைத்துப் பார்த்த மாதிரிகளின் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கற்கள். நான்காவதாக, "அக்காவின் துணி".

இன்றைக்கு யூனிட்டில் யாராவது தப்புச் செய்துவிட்டு என் முன்னால் தலைகுனிந்து நின்றால், கத்துவதற்கு முன் அந்த நான்காம் வரி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. என் தப்பை மறைக்கவும் இல்லை, என்னை ஒதுக்கவும் இல்லை, அதற்கும் ஒரு நம்பர் போட்டுத் தன் கற்களோடு சேர்த்துக்கொண்டாளே அந்தப் பெண்!