பதினொரு வீட்டில் வளராத கோரல்

வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவர்களின் கவலையைத் தீர்ப்பது என் தொழில். கவலை எல்லாம் தீர்ந்துவிட்டால் எனக்கு வேலை போய்விடும், ஆனால் அந்த ஆபத்து இதுவரை வரவில்லை.

பாமாயில் ஆலையின் லேப்பில் ஒன்பது வருடம் எண்ணெய் சோதித்தவள் நான். ஆலையை மூடியதும், சிரம்பானில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் என் தோழி புஷ்பா ஒரு பழைய வேனையும் அவளுடைய வாடிக்கையாளர்களையும் என்னிடம் கொடுத்தாள். கடை அவள் பொறுப்பு, வீடு வீடாகப் போவது என் பொறுப்பு. கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், அதில் நாலு மீன், பாறை மேல் கோரல், அதாவது பவளம். பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். கட்டினால் அழகு. கட்டாவிட்டால் எனக்கு போன் வரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய் அதன் முன் நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தானே நாம். போன வருடம் நான் போய்வரும் பதினொரு வீட்டிலும் ஒரே சமயத்தில் கோரல் வளராமல் நின்றுபோனது. அந்த மாதங்களில் நான் எங்கேயும் நிம்மதியாக உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

இடம் மாறும் கிளை

முதலில் கூப்பிட்டவர் பாரோயில் இருக்கும் குமரேசன். லாரி ஓட்டி, பிறகு நாலு லாரிக்கு முதலாளியானவர். அவர் தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கிளைக் கோரல் இருந்தது. ஐந்து மாதமாக விரல் நீளத்திலேயே இருந்தது. விளக்கைப் பார்த்தேன், தண்ணீரைச் சோதித்தேன், பூச்சி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். சுண்ணாம்பு கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது வாரம் போனபோது அது இடது பக்கப் பாறையில் இருந்தது. முந்தின வாரம் வலது பக்கம் பார்த்ததாக எனக்கு நினைவு. கேட்டேன். வெளிச்சம் பத்தவில்லையோ என்று மேலே வைத்தாராம், சூடு அதிகமோ என்று கீழே இறக்கினாராம், அலை படவில்லையோ என்று ஓரத்துக்குக் கொண்டுபோனாராம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் கை வைத்திருக்கிறார்.

புது இடத்து வெளிச்சத்துக்கும் ஓட்டத்துக்கும் உடம்பைப் பழக்கிக்கொள்ளவே கோரலுக்கு வாரக்கணக்கில் ஆகும், பழகி முடிப்பதற்குள் நீங்கள் தூக்கிவிடுகிறீர்கள் என்று சொன்னேன். பசை வைத்து ஓர் இடத்தில் ஒட்டினேன். குமரேசன் பக்கத்தில் நின்றுகொண்டு கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டு விட்டு எடுத்தார். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சொன்னார்: "கல்யாணமான புதுசுல என்னையும் மூணு வருஷத்துல அஞ்சு வீடு மாத்தினாரு தங்கச்சி. நானும் அப்ப இளைச்சுத்தான் போனேன்."

உடம்புக்கு நல்ல தண்ணீர்

ரஹாங்கில் தேவராஜ் என்று ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. நெஞ்சு வலி வந்து ஸ்டெண்ட் வைத்துக்கொண்டவர். அதன் பிறகுதான் தொட்டி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தால் படபடப்பு குறைகிறதாம். அவர் வீட்டில் கோரல் வளராதது மட்டுமல்ல, நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. பிறகு இறால். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் நன்றாக இருந்து நத்தை சாகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் செம்பு. சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் செம்பு இருந்தது.

எங்கிருந்து வந்திருக்கும் என்று வீடு முழுக்கத் தேடினேன். குழாய், மோட்டார், கம்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. தேவராஜ் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாக எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன சுத்தத் தண்ணீர்தான் என்றார். காட்டச் சொன்னேன். சமையல் மேடையில் பளபளவென்று ஒரு செம்புக் குடம். சுத்தத் தண்ணீரை அதில் ஊற்றி மறுநாள் காலையில் அவர் ஒரு கிளாஸ் குடிப்பார், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவார். நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். கோரலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம் என்று தெரியாதா என்று கேட்டேன். அவர் குடத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு நல்லதுன்னு சொன்ன தண்ணி சிஸ்டர். அதுக்கும் குடுக்கணும்னு நெனச்சேன்."

மத்தியானத்து அமைதி

ரந்தாவ் பக்கம், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அந்தோணி மண்டோராக, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக இருக்கிறார். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் குழறும். ஹாலில் கட்டில் போட்டு, அவர் பார்வைக்கு நேராகத் தொட்டியை வைத்திருந்தார் அந்தோணி. சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாமே என்று. நான் போவது எப்போதும் காலையில். அந்த நேரத்தில் அலை மோட்டார் ஓடும், கோரல் விரிந்திருக்கும், சோதனையில் பெரிய குறை தெரியாது. ஆனால் வளரவில்லை. அடிப்பக்கம் பழுப்பாகி அழுக்கு வேறு படிந்திருந்தது. ஓட்டம் இல்லாத தொட்டியில்தான் அப்படிப் படியும். ஓட்டம்தான் இருக்கிறதே என்று நானும் குழம்பினேன்.

ஒரு நாள் வேலையை முடித்துக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் போகாது. அந்தோணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு மணி இருக்கும். ஸ்டெல்லாவுக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டார். பிறகு தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு மோட்டார் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் அப்படியே நின்றது.

ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன். அவள் மத்தியானம் தூங்குவாள், இரைச்சல் தொந்தரவு, நாலரைக்கு எழுந்ததும் போட்டுவிடுவேன் என்றார். எட்டு மாதமாக, தினமும். இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது தொட்டி விஷயம் இல்லை, மனைவி விஷயம். கோரலுக்கு இரை வருவதும் அழுக்கு போவதும் ஓட்டத்தால்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. ஸ்டெல்லா இடது கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, சொன்னார்: "நான் தூங்கறதே இல்ல. அந்தச் சத்தம் நின்னா... நெஞ்சு அடைக்குது. நீங்க ஆசையா அணைக்கறீங்களேன்னு... கண்ண மூடிக்குவேன்."

புஷ்பாவின் கேள்வி

கிளையை ஒட்டியாகிவிட்டது, குடத்தை நிறுத்தியாகிவிட்டது, மோட்டாரை அணைக்காமல் விட்டாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மூன்று வீட்டிலும் அளந்து பார்த்தேன். சாவு நின்றிருந்தது. வளர்ச்சி இல்லை. மீதி எட்டு வீட்டிலும் அதே கதை. ஒரு வீட்டில் இருக்கும்போதே அடுத்த வீட்டை நினைத்துக் கால் பரபரக்கும். சிக்னலில் நிற்கும்போது நோட்டைத் திறந்து எண்களைப் பார்ப்பேன். எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு குறைந்துகொண்டே இருந்தது. குறையக் குறைய மருந்து ஊற்றிச் சரிக்கட்டினேன். எல்லா வீட்டிலும் ஏன் குறைய வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கடையில் புஷ்பா புதுச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதில், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளக்கும் மானியைச் சரிபார்க்கும் தண்ணீர் ஒரு புட்டி இருந்தது. கடல் தண்ணீரின் அளவான முப்பத்தைந்தைச் சரியாகக் காட்ட வேண்டிய தண்ணீர். சும்மா இருக்க முடியாமல் இரண்டு சொட்டு எடுத்து என் மானியில் விட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நாற்பத்தொன்று. அந்த மானி மாதக்கணக்கில் வேன் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தது. வாங்கிய அன்றைக்குச் சரிபார்த்ததோடு சரி. அப்படியானால் வீடு வீடாக நான் உப்புக் கலந்து மாற்றி, முப்பத்தைந்து என்று எழுதி வைத்த தண்ணீர் எல்லாம் உண்மையில் இருபத்தொன்பது. உப்பு குறைந்தால் அதோடு சுண்ணாம்பும் மற்ற சத்துகளும் குறையும். நான் ஊற்றிய மருந்து போதாது; எலும்பு கட்டச் சாமான் இல்லாமல் கோரல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆலை லேப்பில் காலையில் முதல் வேலையே கருவிகளைச் சரிபார்ப்பதுதான். ஒன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் செய்தவள் நான். ஸ்டூலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். புஷ்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பதினொரு வீட்டுக்கும் பொதுவா இருந்தது நீ ஒருத்திதானே ஜெசி. அத ஏன் நாம ரெண்டு பேருமே யோசிக்கல?"

சொல்லிக்கொண்டு போன வாரம்

உப்பை மெதுவாக ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேனில் போகும்போது அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தேவராஜிடம் நான் பேசிய பேச்சு காதிலேயே நின்றது. முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். செம்பு உங்கள் தவறுதான், ஆனால் உப்பு என் தவறு என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே கூப்பிட்டு, இனிமேல் அளக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம் என்றார். குமரேசன் இதைக் கேட்டதும் மறுபடி தொட்டிக்குள் கை விடப் பார்த்தார். அவர் மனைவி தடுத்தார். அந்தோணி, மனுஷருக்கு மறதி வருவதுதான் என்றார். இப்படியே ஒவ்வொரு வீடாகப் போனேன்.

பதினோராவது வீடு தெமியாங்கில், என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. கலைவாணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு வருடமாகத் தனியாக, பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டி அவருடையது. நான் வரத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது என்பதையும் அவர் கவனித்திருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பை ஒரு மாதத்தில் எப்படி ஏற்ற வேண்டும் என்று நான் எழுதிக் கொண்டுவந்த தாளை வாங்கிப் படித்தார், ஓர் இடத்தில் சந்தேகம் கேட்டார், மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வந்து சொன்னீங்க, அதுக்கு நன்றி. ஆனா எங்க வார்டுல நான் ஊசிய சரிபார்க்காம போட்டா என்னை மறுபடி போட விடமாட்டாங்க. நீங்களும் இனிமே வர வேணாம்."

வெள்ளை நுனி

பத்து வீடுகளில் உப்பை ஏற்றி முடிக்க ஐந்து வாரம் ஆனது. மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் அந்தோணி போன் செய்தார். கோரலின் நுனியெல்லாம் வெள்ளையாகிவிட்டது, ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள், நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை, உடனே வர முடியுமா என்றார். வெள்ளையானால் சாகிறது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ரந்தாவ் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் அடுத்து எதைத் தப்பாக அளந்திருப்பேன் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டி முன்னால் மண்டியிட்டேன். சாகும் கோரல் அடியிலிருந்து வெளுக்கும், சதை உரிந்து நிற்கும். இது நுனியில் மட்டும் வெள்ளை, அதைச் சுற்றிச் சதை பத்திரமாக இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் புதிதாகக் கட்டிய எலும்பு, இன்னும் நிறம் ஏறாமல், அரிசி முனை அளவுக்கு. வளர்கிறது என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்கள். கண்ணாடியை ஸ்டெல்லாவின் இடது கையில் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கஞ்சி வேண்டும் என்று சைகை காட்டினார். அந்தோணி அடுப்படிக்குப் போகும் வழியில் நின்று திரும்பி என்னிடம் கேட்டார்: "சாகறதும் வெள்ளை, வளர்றதும் வெள்ளைன்னா, நாங்க எப்பம்மா நிம்மதியா இருக்கறது?"

அதற்குப் பதில் தெரிந்த ஒருவர் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருந்தால், அவர் வீட்டில் நிச்சயம் தொட்டி இருக்காது.