பையில் இருந்த பியூஸ் கட்டைகள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம். உத்திரமேரூரைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு நான்தான் லைன்மேன். அந்த வாரம் அடித்த சூறைக்காற்றில் மழை பேருக்கு நாலு துளி விழுந்தது. கம்பங்கள் மட்டும் வரிசையாகச் சாய்ந்தன. உடன் வேலை பார்த்தவரை வாலாஜாபாத் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக நான் தனி ஆள். சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கவில்லை.

அதிகாரி, "இன்னுமா முடியல?" என்று கத்துவார். ஊர்க்காரர்களோ நான் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், "நல்லா குடி நைனா, நாங்க இருட்டுல கிடக்கறோம்" என்பார்கள். மனுஷனைப் பிய்த்துத் தின்றார்கள்!

எல்லாரையும் மிஞ்சியவர் ஒரு அம்மா. கணவர் இல்லை, ஒன்றரை ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டுப் பத்து நாளான நெல் தண்ணீர் இல்லாமல் வாடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக என் பின்னாலேயே வந்து திட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து ஊரில் ஒரு வேலையை முடித்துவிட்டு, "வாம்மா, உன் தொல்லை ஒழியட்டும்" என்று அவர் வயலுக்குப் போனேன். அவர் கிணற்றுக்கு எதிரே உள்ள கம்பத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கயிற்றை இடுப்பில் கட்டிப் பாதி ஏறிவிட்டேன்.

"யோவ், எறங்குய்யா!" என்று கீழிருந்து அலறினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாம்மா உன்னோட பேஜாரு? கரெண்ட்டு குடுன்னு நீதானே உசுர வாங்கினே?"

"அடுத்த கிணத்துல மோட்டாரு ஓடிக்கினு கீதுய்யா! தண்ணி கொட்டுது பாரு!"

"அது ஆயில் என்ஜினா இருக்கும். நான் பியூஸைப் பிடுங்கிட்டேன், என் பையிலதான் கீது" என்று கத்தினேன். பழுது பார்க்கும்போது வேறு யாரும் போட்டுவிடக் கூடாதென்று, டிரான்ஸ்பார்மரில் பிடுங்கிய பியூஸ் கட்டைகளைக் கையோடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். அவர் வாயை அடைக்கவே கீழே இறங்கி, பையைத் திறந்து மூன்று கட்டைகளையும் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ஆயில் என்ஜினுக்குப் பொக வருமே, எங்கய்யா பொக?" என்றார்.

புகை இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிணற்றுக்கும் இதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் மின்சாரம்.

கையிலிருந்த கட்டைகளைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றில், காலையில் பிடுங்கும்போது பார்த்தபடியே, விளிம்பு உடைந்திருந்தது. அது பக்கத்து ஊர்க் கட்டை! காலையில் அங்கே பிடுங்கியதைத் திரும்பப் போட மறந்திருக்கிறேன். இந்த ஊர் டிரான்ஸ்பார்மர் பக்கமே நான் போகவில்லை. ஆனால் பிடுங்கியதாக ஞாபகம் இருந்தது, சத்தியம் செய்யும் அளவுக்கு. இன்னும் நாலடி ஏறியிருந்தால் கருகியிருப்பேன். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் விளக்கைக்கூட எடுத்து வரவில்லை, முட்டாள்! அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மோட்டார் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து, "படு" என்றார்.

"பயிரு காயுதேம்மா..."

"காஞ்சா திரும்ப நட்டுக்கறேன். உன்னை எங்க போய் நடறது? மூடிக்கினு படுய்யா!"

வெயில் சாயும்வரை தூங்கினேன். வாசலில் அவர் மண்வெட்டியோடு உட்கார்ந்து, தேடி வந்தவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறார். எழுந்ததும் முதலில் பக்கத்து ஊருக்கு ஓடி, நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்தவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு கட்டைகளைப் போட்டேன். பிறகு இந்த ஊர் டிரான்ஸ்பார்மரை நிறுத்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பியைக் கட்டினேன்.

ஓய்வு பெறும்வரை, கண் எரியும் நாட்களில் அதிகாரி எவ்வளவு கத்தினாலும் தூங்கி எழாமல் கம்பம் ஏறியதில்லை. அப்போதெல்லாம், தன் பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது என்னைத் தூங்கவைத்துக் காவலிருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.