மஞ்சள் நாற்காலி இருந்த இடம்

ஃபெர்மின் சின்ட்ரோன் முதன்முதலாகக் கவுன்சிலர் தேர்தலில் நின்ற வருஷம், சிகாகோவில் முழங்கால் உயரத்துக்குப் பனி பெய்திருந்தது. அதுவரை அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் நிறுத்திக் காத்திருப்பார் என்று டிவிஷன் தெருவில் அவருக்கு நல்ல பெயர். அதை மட்டும் நம்பித்தான் நின்றார். எதிரே நின்றவரோ ரொம்ப காலமாகப் பதவியில் இருந்தவர்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, மாதா கோயில் கூடத்தில் கூட்டம். நேரமாகிவிட்டது. காரை நிறுத்த எங்கும் இடமில்லை. பக்கத்துத் தெருவில் ஒரே ஓர் இடம் மட்டும் பனியை வெட்டிச் சுத்தமாக இருந்தது. அதன் நடுவில் மஞ்சள் மெத்தை வைத்த சமையலறை நாற்காலி ஒன்று.

பனியை வெட்டியவருக்கே அந்த இடம். அவர் வெளியே போனால் நாற்காலி காவல் இருக்கும். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வார்டில் அதை மீறியவர் கிடையாது. ஃபெர்மினே தன் வீட்டு வாசலில் இஸ்திரிப் பலகையை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

“வேணாம்ப்பா. யாரோ இடுப்பொடிய வெட்டின இடம்,” என்றாள் மனைவி இராய்தா.

“அரை மணி நேரந்தான். ஞாயித்துக்கிழமை காலையில யாரு வரப்போறா?”

நாற்காலியைப் பனிக்குவியல் மேல் தூக்கி வைத்துவிட்டுக் காரை நிறுத்தினார். கார்க் கதவில் ஒட்டிய சுவரொட்டியில் அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

உங்கள் கஷ்டம் என் கஷ்டம் என்று கூட்டத்தில் அவர் பேசியபோது நல்ல கைதட்டல். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாக நீண்டது. திரும்பி வந்து பார்த்தால், கார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அந்தக் குளிரில் அது அப்படியே உறைந்துவிட்டது. ஐஸுக்கு அடியிலும் சுவரொட்டி விடாமல் சிரித்தது.

எதிர்வீட்டுப் படியில் வாளியோடு நின்றாள் ப்ரொவிதென்சியா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்தவள் இடம் பறிபோனதைப் பார்த்து, எங்கோ தள்ளிக் காரை விட்டுவிட்டு வழுக்கி வழுக்கி நடந்து வந்திருக்கிறாள். அந்தத் தெருவில் அவள் கை காட்டுகிற பக்கம்தான் ஓட்டு விழும்.

ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. என் ஆள் செய்த தப்பு என்று சொல்லிவிடலாமா என ஃபெர்மின் யோசித்தார். இராய்தா முழங்கையால் இடித்தாள்.

“நாந்தாம்மா எடுத்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன்.”

“தெரியாம எடுத்திருந்தா ஒரு வாளியோட விட்டிருப்பேன்,” என்றாள் ப்ரொவிதென்சியா. “எங்க கஷ்டம் உன் கஷ்டமாமே? மைக்குல இங்க வரைக்கும் கேட்டுச்சு. இந்தா, மம்பட்டியப் பிடி.”

பிடித்தார். தன் காரின் பக்கம் திரும்பியவரை அவள் விடவில்லை. அது எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட மூலைவீட்டுக்காரர் வாசலை வெட்டு என்றாள். பிறகு கைக்குழந்தைக்காரி வாசல். அதற்கும் அடுத்த வாசல். ஜன்னலில் நின்று சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் தாங்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒரு வீட்டிலிருந்து காப்பி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டி அவித்த பாஸ்தேலஸ் ஆவி பறக்க வந்தது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க வழி பிறந்துவிட்டது. ஓட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கார் மட்டும் ஐஸை விட்டு வரவில்லை. கடைசிப் பிரசாரத்தைப் பஸ்ஸிலேயே செய்தார். மயிரிழையில் ஜெயித்தார். அந்தத் தெருவின் ஓட்டு இல்லையென்றால் தோற்றிருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு பல தேர்தல்கள். பூங்காவுக்கு விளக்கு வந்தது, நூலகம் திறந்தது. வாடகை ஏறி ஆட்கள் வெளியேறியபோது சபையில் தொண்டை கிழியக் கத்தினார், சிலதுதான் நடந்தது. நாற்காலிகளை அள்ளிப் போடச் சட்டம் வேண்டும் என்று ஒரு புது உறுப்பினர் கேட்டபோது ஃபெர்மின் எழுந்து, “அள்ளினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குளிர்காலமும் முதல் பனிக்கு மண்வெட்டியோடு அந்தத் தெருவுக்குப் போவார். ஓரம் சரியாக வெட்டவில்லை என்று ப்ரொவிதென்சியா வருஷம் தவறாமல் குறை சொல்வாள்.

பதவியை விட்ட வருஷம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். படுக்கையில் கிடந்தபோது பனி கொட்டியது. காலையில் இராய்தா அவரைக் கைத்தாங்கலாக ஜன்னலுக்குக் கூட்டிவந்தாள். வாசலில் அவர் கார் நிற்கும் இடம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. நடுவில் அந்த மஞ்சள் நாற்காலி.

“எப்ப வந்தா?” என்றார்.

“அது கிடக்கட்டும்,” என்றாள் இராய்தா. “ஓரத்தப் பாரு, எவ்வளவு நேரா இருக்கு.”