கடைசிப் பெயர் வரை எழுந்திருக்க மாட்டேன்

இன்று சங்கரன்கோவில் தியேட்டரில் மதியக் காட்சி பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பையன்.

"போன வாரப் பேய்ப் படத்துல பேய்க்கே தூக்கம் வந்துட்டு, தாத்தா. போலீஸ் படம் ஒரே இழுவை. இதுவும் மொக்கைதான்" என்றான்.

கடைசியில் திரையில் பெயர்கள் ஓடின. இந்த வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறேன். விடுவேனா?

"காலை மடக்குங்க தாத்தா, உள்ள சிக்னல் இல்ல. கூட்டாளி போடுததுக்கு முன்னால நான் விமர்சனம் போடணும்!"

"இருல மக்கா, சமையல்காரர் பேரு பாதியில நிக்கி."

"அவரு எப்பவோ மேல போயிட்டாரு!"

வெளியே வந்து போனைப் பார்த்தவன் தலையில் கைவைத்தான். கூட்டாளி முந்திவிட்டான்.

என் விமர்சனம்: படம் அருமை, பெயர்களைத்தான் விரட்டுகிறார்கள். அந்தச் சமையல்காரரை 'முரு' வரை வாசித்துவிட்டேன். முருகனா, முருகேசனா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.