ஆலாக் கூட்டுக்குக் கொசுறு

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் சிரிக்கிறாள், அதையும் எழுதுகிறாளோ என்னவோ.

சித்திரை வெயிலில் முகத்துவாரத்து மணல்திட்டில் ஆலாப் பறவைகள் முட்டையிடும். கூடு என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். மணலில் ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு முட்டை, அவ்வளவுதான். கூடுகளைக் கணக்கெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வருவாள். போன வருஷம் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நாற்பது வருஷம் நண்டு எண்ணி விற்ற கை ஆயிற்றே!

விடிந்ததும் என் கொழுந்தன் ஃபைபர் போட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

"இன்னா அண்ணி, வேலைக்குச் சேந்துட்டியா? பென்சன் வருமா?"

"வாய மூடிக்கினு போட்டப் புடி."

இறங்கியதுமே ஆலாக்கள் கத்திக்கொண்டு தலைமேல் பாய்ந்தன. நான் மீன்கூடை சுமக்கிற சும்மாட்டைத் தலையில் வைத்திருந்தேன், கொத்தினாலும் வலிக்கவில்லை. அந்தப் பெண்ணின் தொப்பிமேல் எச்சம் வெள்ளையாகப் பெய்தது. சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

"சீக்கிரம் ஆயா. நாம நிக்கிற வரைக்கும் தாய் வந்து உக்காராது. வெயில் ஏறினா முட்டை கெட்டுடும்."

அவள் முன்னால், நான் பின்னால். அதே கூடுகளை இருவரும் தனித்தனியே எண்ணினோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவாள்.

"எனக்கு அறுபத்து மூணு. உங்களுக்கு?"

"மூணு இருபது. அறுபது."

அவள் முகம் வாடிவிட்டது. "மறுபடி எண்ணணும் ஆயா."

மணல் அதற்குள் காலைச் சுட்டது. மேலே அத்தனை தாய்களும் அலறிக்கொண்டு சுற்றின. எங்கே விட்டேன்? நண்டு எண்ணுவதுபோலக் கையை ஆட்டி எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது, இருபது... கை தானாக இன்னொன்றைத் தள்ளியது.

"ஐயய்ய, நான் கொசுறு போட்டுட்டேன்மா!"

நண்டு விற்கையில் இருபதுக்கு ஒன்று கூடப் போடுவோம், அதை எண்ண மாட்டோம். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு இருபது முடிந்ததும் அடுத்த கூட்டை எண்ணாமல் தாண்டியிருக்கிறேன். மூன்று இருபதுக்கு மூன்று கூடு!

"கொசுறு யாருக்கு ஆயா?" என்று அறுபத்து மூன்றை எழுதிக்கொண்டே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்த அப்பறம் கேளு. ஓடு!"

போட்டில் ஏறித் தள்ளிப்போய் நின்றோம். ஆலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருத்தி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்தாள். வெயிலில் முட்டைக்கு அது சில்லென்று இருக்கும் இல்லையா? கடைசி ஆலா உட்காரும்வரை கொழுந்தனை மோட்டார் போடவே நான் விடவில்லை.