ரோஜா கேட்ட மணப்பெண்

அன்று கொல்கத்தா ஜாதவ்பூரில் ஓர் அழைப்பிதழ் கடையில் இருந்தது நாங்கள் நான்கு பேர்தான்: கடைக்காரர், நான், என் மகள், நரைத்த கொண்டை போட்ட ஒரு வங்காளி அம்மாள். மகளுக்குத் தன் கல்யாணத்துக்கு மல்லிகைக்கொடி போட்ட அட்டை பிடித்துவிட்டது. கவலை எனக்குத்தான். கணவர் இல்லாதவள் தன் பெயரில் அழைத்தால் நாலு பேர் ஏதாவது சொல்வார்களே என்று, அழைப்பவர் இடத்தில் கொழுந்தனார் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

அந்த அம்மாள் ஒவ்வொரு அட்டையையும் முகர்ந்து பார்த்தார், அச்சடித்த பூ மணக்கும் என்பதுபோல.

"பொண்ணுக்கா, பையனுக்கா, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர்.

"எனக்கு."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ ஓரமா ரெண்டு தாமரை போதுமே."

"ஏன், ஒளிஞ்சு மறைஞ்சா கட்டிக்கிறேன்? அட்டை முழுக்க ரோஜா போடுங்க."

எனக்குத் தெரிந்த வங்காளத்தில் அந்த அம்மாளிடம் கேட்டேன்: "பிள்ளைங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்களே! முதல் அட்டையே அவங்களுக்குத்தான்."

அவர் போனதும், கொழுந்தனார் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

கொழுந்தனார் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். அந்த அம்மாளின் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்தார்களா என்பதுதான் எனக்கு இப்போதும் கவலை.